பூனையைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு இரண்டு ஸ்டார்

ஜூன் 3, புதன்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் வீட்டுப் பூனை மேனேஜர் அவர்கள் ஒன்றரை நாள் தலைமறைவு வாழ்க்கையை முடித்துக்கொண்டு இன்று காலை 7.10க்கு சோபாவின் அடியிலிருந்து வெளியே வந்தார். ஒன்பது நாள் அவரை விட்டுவிட்டு வெளியூர் போன எங்களை இன்னும் மன்னிக்கவில்லை. என் சாக்ஸில் கோரிக்கை மனு ஒன்றை ஈரமாகச் சமர்ப்பித்திருக்கிறார்.

அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் தங்கி வீட்டையும் மேனேஜரையும் பார்த்துக்கொண்டது, அம்மா ஒரு ஆப்பில் தேடிப் பிடித்த அக்கா. அம்மா போனை என்னிடம் நீட்டினார். "அந்தப் பொண்ணுக்கு ரிவ்யூ போடணும். நீதான் வாய் கிழியப் பேசுவியே, நீ எழுது. நியாயமா எழுது."

ஜூன் 4

எழுதிவிட்டேன். இரண்டு ஸ்டார்.

"வீடு போட்டது போட்டபடி இருந்தது. குளியலறை மணிபிளான்ட் மட்டும் விடைபெற்றுக்கொண்டது. பூனைக்குத் தினம் இரண்டு வேளை பாட்டுக் கச்சேரி. பக்கத்து வீட்டு மாமா சாட்சி. பூனை சோபாவுக்கு அடியில் குடியேறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்."

வகுப்பு குரூப்பில் போட்டேன். முப்பத்தொரு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உனக்கு வாய் இல்லடா, கத்தி" என்றான் தவளை. என் நண்பர்களிலேயே ரசனை உள்ளவன்.

அந்த அக்கா ஏன் பாடினார் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குப் போகுமுன் அம்மா ஐந்து குறிப்புகள் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். கீழே ஆறாவதை நான் சேர்த்தேன்: "சாப்பாடு வைக்கும்போது சத்தமாகப் பாடவும். இல்லாவிட்டால் சாப்பிட மாட்டான்." இதையும் ரிவ்யூவில் எழுதினால் சிரிப்பு செத்துவிடும். எழுதவில்லை.

ஜூன் 6

112 லைக். ஊரே நம்மைப் பற்றித்தான் பேச்சு.

ஜூன் 10

அம்மா ஆபீஸிலிருந்து வந்தவர் தோள் பையைக்கூடக் கழற்றவில்லை. அந்த அக்கா அனுப்பியிருந்த மெசேஜைப் படித்துக் காட்டினார்.

"அக்கா, உங்க தாள்ல இருந்ததாலதான் பாடினேன். என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்கறேன். அடுத்து ரெண்டு மாசம் ஒரு வீட்டுல தங்கிப் பார்த்துக்கறதா இருந்துச்சு. ரிவ்யூவைப் பார்த்துட்டு வேணாம்னுட்டாங்க. அதை நம்பி ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணிட்டேன்."

கூடவே அந்தத் தாளின் போட்டோ. ஒவ்வொரு குறிப்புக்கும் நேராக நாள்தோறும் டிக். ஆறாவதற்கு வேளைக்கு ஒன்றாகப் பதினெட்டு. கடைசி டிக் பக்கத்தில் பொடி எழுத்து: "தொண்டை கட்டிவிட்டது. மெதுவாகத்தான் பாடினேன். மன்னிக்கவும்."

"ஆறாவது யார் எழுதினது?"

என் கோழிக்கிறுக்கலைத் தெரியாதவரா அம்மா?

"விளையாட்டுக்குத்தாம்மா."

"விளையாடினது நீ. இப்ப தங்க இடமில்லாம நிக்கறது அவ."

அவ்வளவுதான். திட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருக்கலாம் — திட்டினால் எதிர்த்துப் பேசவாவது எனக்குத் தெரியும்.

ஜூன் 11

முதலில் ஐந்து ஸ்டார் போட்டு, அவரைப் போல உலகத்தில் இல்லை என்று எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, "இது என்ன, தேர்தல் போஸ்டரா? செடி வாடினது நிஜம்தானே. அதையும் எழுது. அன்னைக்கு ஒரு பொய், இன்னைக்கு ஒரு பொய்யா?" என்றார்.

நாலாவது தடவை தேறியது. கச்சேரி இல்லாமல் எழுதுவது இவ்வளவு கஷ்டமா?

"நான்கு ஸ்டார். தாளில் இருந்த எல்லாவற்றையும் செய்தார். பூனை நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது. சமையலறை நாங்கள் விட்டுப் போனதைவிடச் சுத்தம். ஒரு செடிக்குத் தண்ணீர் போதவில்லை. பூனைக்குப் பாடச் சொல்லி எழுதியது நான். முதல் ரிவ்யூவில் அதை மறைத்தேன்."

இரண்டு லைக். ஒன்று அம்மா.

அந்த இரண்டு மாத வீட்டுக்காரர்களுக்கு அம்மா போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். "அடடா" என்றார்களாம். வேறு ஆள் வந்தாயிற்றாம்.

ஜூன் 14

நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். தனியாக. கண்ணைப் பார்த்து. தவளையிடம் சொன்னதற்கு, "பெரிய மனுஷன்டா நீ" என்றான். அம்மா தலையைத் தடவினார்.

ஜூன் 16

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே: பதினாலாம் தேதி எழுதியதில் 'தனியாக' மட்டும் நிஜம்.

அக்கா இப்போது தோழியின் அறையில் இருக்கிறார். மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். திறந்தார். சுவரோரம் இரண்டு பெட்டி, அதன் மேல் சுருட்டிய பாய். "அந்த வீட்டுத் தம்பியா? வாப்பா" என்றார், கோபமே இல்லாமல். வாயெல்லாம் எங்கே போனதோ — வந்தது இதுதான்: "அம்மா வீட்டுச் சாவி கேட்டாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்?

முகம் மாறிவிட்டது. "அன்னைக்கே குடுத்துட்டேனேப்பா. அம்மா கையிலதான் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே பையைப் பாயில் கவிழ்த்துத் தேடினார். சீப்பு, சார்ஜர், மாத்திரை அட்டை. "தம்பி, சாவி தரலைன்னு மட்டும் எழுதிடாதீங்க."

"இல்லக்கா, குடுத்துட்டீங்க, நான்தான் மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக ஓடி வந்துவிட்டேன். மன்னிப்பு அப்படியே வாய்க்குள்ளேயே இருக்கிறது.

சற்றுமுன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளை மறுபடி போகிறோம். கூட வரச் சொல்லிக் கேட்டது நான்தான். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.