நம்பாதவன் வாதாடிய வெள்ளிக்கிழமை

இன்று காலை இந்த அபுதாபி வீட்டில் ஏ.சி. தண்ணீர் சொட்டி அலமாரி நனைந்துவிட்டது. புத்தகங்களை அவசரமாக அள்ளி எடுத்தபோது உன்னுடையது கையில் வந்தது. அதற்கு இது புதிதல்ல. ஷார்ஜாவில், ரோலா பகுதியில் நாம் தங்கியிருந்த அறையின் ஏ.சி. அதை எப்போதோ நனைத்து உப்ப வைத்திருந்தது. கிறிஸ்தவ நம்பிக்கைக்காக அறிவைக் கொண்டு வாதாடும் அந்தப் பழைய நூலை நாகர்கோவிலிலிருந்து சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தவன் நீ.

வெள்ளிக்கிழமைதான் நமக்கு லீவு. நீ காலையில் சர்ச்சுக்குப் போய் வருவாய். துணிக்கடை வைத்திருந்த, நாம் காக்கா என்று கூப்பிடும் கீழக்கரை அண்ணன் ஜும்ஆ தொழுகை முடித்து வருவார். எங்கும் போகாத நான் சோறு வடித்து வைத்திருப்பேன். சாப்பிட்டதும் ஓர் அத்தியாயம். நீ வாசிப்பாய், நாங்கள் சண்டைக்கு வருவோம். உனக்கு அந்த நூல் காலூன்ற ஒரு தரை. காக்காவுக்கோ சிரிப்பு: "படைச்சவனுக்கு வக்கீல் எதுக்கு தம்பி?"

நீ ஒரு சட்டம் போட்டிருந்தாய். "மறுத்துப் பேசுனவன் அடுத்த வாரம் புத்தகத்துக்கு ஆதரவா நின்னு பேசணும், மக்கா. இல்லன்னா சோறு கெடையாது." சோறு வடிப்பவனே நான்தான் என்பதை நீ கண்டுகொண்டதேயில்லை.

துன்பத்தைப் பற்றிய அத்தியாயத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. அப்போது என் தம்பியைப் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. "சாவுக்குக் காரணம் சொல்றவனுக்கு சாவுன்னா என்னன்னே தெரியாது!" என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. "சரி மக்கா, அடுத்த வெள்ளிக்கெழம நீதான்" என்றாய்.

புதன்கிழமை டூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். எழவில்லை. போன் கார்டைச் சுரண்டி உன் வீட்டுக்குச் செய்தி சொன்னவன் நான்.

வெள்ளிக்கிழமை காக்கா வந்தார். உன் கட்டிலைப் பார்த்தபடி, "விட்டுரலாம் தம்பி" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புத்தகத்தைப் பிரித்து அந்த அத்தியாயத்துக்காகவே வாதாடினேன். என் மறுப்பு ஒவ்வொன்றுக்கும் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தேடித் தேடிச் சொன்னேன்.

"நீ இத நம்புறியா?" என்று கேட்டார் காக்கா.

"இல்ல காக்கா. இன்னைக்கு என் முறை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அடுத்த வாரம் நான் வக்கீல்."

இரண்டு பேராகவே அந்த நூலைப் படித்து முடித்தோம்.

அந்த அத்தியாயம் இன்றும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் படிக்காமலே யாராவது அதைக் கிண்டல் செய்தால் விடமாட்டேன், எழுந்து பேசுவேன். என் மறுப்பை உன்னிடம் மட்டும்தான் சொல்வேன். மற்றவர்களிடம் நான் உன் கட்சி.