ஞானத்தகப்பனின் இருமல்

பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிபோர்னியா

அன்புள்ள யூஃபேமியா,

நீயும் அம்மாவும் நலமா? நம் மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா? எனக்குக் கொஞ்ச நாள் இருமல் இருந்தது, இப்போது தேவலை.

"வேர்க்க வேர்க்க ஐஸ் பீர் குடிச்சா நெஞ்சு சும்மா இருக்குமா, ஞானத்தகப்பா?" என்று, தன் மகளுக்கு என்னை ஞானத்தகப்பனாகக் கேட்டிருக்கும் என் கூட்டாளி லிப்ராதோ கிண்டலடித்தான். நிமோனியா என்று முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. காசநோயோ என்று பயந்து, ஞானஸ்நானத்தில் அவன் குழந்தையைத் தூக்கமாட்டேன் என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது.

பிறகு ஒரு டாக்டரம்மா, "எங்க வேலை? புழுதி பறக்குமா?" என்று கேட்டார்.

"பிஸ்தா மரத்த உலுக்குனா பக்கத்துல நிக்கிறவனே தெரியமாட்டான்மா."

உடனே ரத்தம் எடுத்துச் சோதித்தார். இந்த ஊர் மண்ணில் இருக்கும் பூஞ்சை, புழுதியோடு என் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. "மனுசங்ககிட்டேருந்து மனுசங்களுக்கு இது ஒட்டாது. தாராளமா பிள்ளையத் தூக்குங்க" என்றார்.

ஞாயிறன்று தூக்கினேன். என் தோளிலேயே தூங்கிவிட்டாள். நம் மகளும் இந்தக் கனம்தான் இருப்பாளா?

மேஸ்திரி இப்போது முகக்கவசம் தருகிறார், கவலைப்படாதே. காய்ந்த மிளகாயும், மகளைப் போர்த்தும் துணி ஒன்றும் அனுப்பு. இரண்டையும் தனித்தனியாகக் கட்டு. தோட்டத்துக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. துணியைத் துவைத்துவிடாதே.

உன்
அபுந்தியோ