தேவா உட்கார்ந்திருக்கும் இடம்

கிடங்கல், திண்டிவனம்
14.4.2025

அன்புள்ள தென்னரசு அண்ணாவுக்கு,

கூடப் பிறக்காத தங்கை கலைப்பிரியா எழுதுவது. தேசிய மலையேற்றக் குழுவில் இந்த வருஷமும் நீங்கள் இருப்பதைப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? விழுப்புரம் போய் தமிழ்மணி அண்ணியிடம் முகவரி வாங்கினேன்.

போன வருஷம் புயலில், உங்களோடு ஏறிய என் வீட்டுக்காரரை அந்த மலையில் விட்டுவிட்டு வந்தீர்கள். வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்ய நான் விடவில்லை. தாலியும் கழுத்தில்தான் இருக்கிறது. “செத்தவனுக்குக் காரியம் பண்ணாம எத்தினி நாளு வச்சிக்கினு இருப்ப?” என்று மாமியார் தினமும் அழுகிறார். கல்யாண வீடுகளில் என்னை எங்கே உட்கார வைப்பது என்று முழிக்கிறார்கள்.

கொடி நடுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அவரைக் கீழே கொண்டு வந்துவிடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

மல்லாட்டை உருண்டை அனுப்பியிருக்கிறேன், நம் ஊர்க் கடலைதான். அவர் பங்கையும் நீங்களே சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை,
கலைப்பிரியா தேவா

அடிவார முகாம்
6.5.2025

அன்புத் தங்கை கலைப்பிரியாவுக்கு,

உருண்டை தூளாகித்தான் வந்தது. தூளையும் விடவில்லை. கிளம்பும் முன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன் அம்மா. உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன்.

மேலே கயிறு கட்டப் போனபோது தேவாவைப் பார்த்துவிட்டேன். கடைசி முகாமுக்கு மேலே ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். முகம் மாறவில்லை. இடுப்புவரை பனி கல்லாக இறுகிவிட்டது. வெட்டி எடுத்து இறக்க நிறையப் பேர் வேண்டும். குழுத் தலைவர் ஆள் தர மறுக்கிறார். உச்சிக்குப் போய் வந்த பிறகு ஆக்சிஜன் மிஞ்சினால் பார்க்கலாம் என்கிறார். மிஞ்சாது.

கோபித்துக்கொள்ளாதே. முழுசாக முடியாவிட்டால், கோடாரியால் ஒரு கையை மட்டும் எடுத்து வந்தால் காரியத்துக்குப் போதுமா? சீக்கிரம் எழுது. போன் தலைவரிடம் மட்டும்தான் இருக்கிறது. சாமான் தூக்கி வருபவர்கள்தான் கடிதம் கொண்டு வர வேண்டும்.

உன் அண்ணன்,
தென்னரசு

திண்டிவனம்
20.5.2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். “ஒரு விரலு வந்தாக்கூட போதும், கொள்ளி வச்சிட்டு நானும் போய்ச் சேர்றேன்” என்றார். சரி என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

வேண்டாம் அண்ணா. அவர் மேல் கோடாரி படக் கூடாது. மார்கழியில் வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டார், அந்த மனுஷனா பனிமலை ஏறுகிறார் என்று சிரிப்போமே. அங்கேயே இருக்கட்டும். கல் அடுக்கி மூடிவிட்டு நீங்கள் இறங்கிவிடுங்கள். அடுத்த வாரம் கருமாதி வைக்கச் சொல்லிவிட்டேன்.

கலைப்பிரியா

அடிவார முகாம்
22.5.2025

தங்கைக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. குழு உச்சியில் கொடி ஏற்றிவிட்டது. நாளை எல்லோரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். தலைவரிடம் சண்டை போட்டுவிட்டு நான் மட்டும் மேலே போகிறேன். எதையாவது கொண்டு வராமல் உன் எதிரில் வந்து நிற்க மாட்டேன். தமிழ்மணிக்குத் தெரிய வேண்டாம்.

தென்னரசு

விழுப்புரம்
15.6.2025

அண்ணா,

தனியாக மேலே போவதாக எழுதிய உங்கள் கடிதம் கருமாதி முடிந்த மறுநாள் வந்தது. தாலியை நானே கழற்றினேன். குழுவை டிவியில் காட்டினார்கள். உங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். தேடப் போன ஹெலிகாப்டர் வெறுமனே திரும்பிவிட்டதாம். வேண்டாம் என்று நான் எழுதிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்திருக்கிறது. நான் கேட்டதால்தானே போனீர்கள்? என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதை எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. உங்கள் சொந்தக்காரர்கள் உங்கள் கருமாதிக்கு நாள் குறிக்க வந்திருக்கிறார்கள். அண்ணி கழுத்திலிருக்கும் தாலியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். “உடம்பப் பாக்காம நான் கழட்ட மாட்டேன். நீ ஒரு வருஷம் போட்டுக்கினு இருந்த இல்ல?” என்கிறார்.

அவருக்கு நான் என்ன சொல்லட்டும் அண்ணா?

கலைப்பிரியா