அழுகல் புரதம்

நாள் 41. காலை 07:10
வெளியே மைனஸ் 28. காற்று குறைவு. ஜெனரேட்டர் சீராக ஓடுகிறது. பத்தொன்பதாவது பனித்துண்டை வெட்டியாயிற்று.

இது யார் கையில் கிடைக்குமோ அவர்களுக்கு: நான் ரெஜினா சூசைமாணிக்கம், தூத்துக்குடிக்காரி. அண்டார்டிகாவின் உட்பகுதியில் ஒரே அறை, ஒரே கதவு உள்ள குடிலில் தனியாக இருக்கிறேன். எண்பதாயிரம் வருடமாகப் பனிக்குள் அடைபட்ட காற்றில் அழுகல் வாடை உண்டா என்று பார்ப்பது என் வேலை. மனித மூக்கில் வாசனையைப் பிடிக்கும் புரதங்களில் ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்து, ஒரு மின்னணுச் சில்லில் ஒட்டி வைத்திருக்கிறோம். அழுகலுக்கு மட்டும்தான் அது அசையும். அதன் மரபணுவைச் செல்களுக்குள் கொண்டுபோக, நோய் தராத ஒரு வைரஸை வண்டியாகப் பயன்படுத்துகிறோம்.

நாள் 43. மதியம் 14:25
சுழலும் இயந்திரத்துக்குள் வைரஸ் குப்பி உடைந்திருந்தது. தெரியாமல் மூடியைத் திறந்துவிட்டேன். ஈரப்புகை முகத்தில் அடித்தது. முகக்கவசம் போடவில்லை. தப்பு என்னுடையது.

தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் முகாமின் மருத்துவர் நல்லசிவம் அண்ணாச்சிக்கு ரேடியோவில் சொன்னேன். “காய்ச்சல் வந்தா சொல்லும்மா. சும்மா பயந்துக்கிட்டு கெடக்காத.”

நாள் 47. காலை 08:00
சோறு ஊசிப்போயிருந்தது. கொட்டினேன். அடுத்த பொட்டலமும் அப்படியே. பருப்பு, பால்பொடி, ரொட்டி எல்லாம் பிண வாடை. சில்லில் வைத்துப் பார்த்தேன், வழக்கமான துளி அளவுதான்; கெட்டுப்போன அறிகுறி இல்லை.

பிறகு என் உள்ளங்கையை மோந்தேன். வாந்தி எடுத்தேன்.

உயிருள்ள உடம்பிலும் உணவிலும் அழுகல் வாடை துளியூண்டு எப்போதும் கசியும். சாதாரண மூக்குக்கு எட்டாது. அன்று மூச்சோடு உள்ளே போன வைரஸால் என் மூக்கின் நரம்புகள் எல்லாம் இப்போது அந்தப் புரதத்தையே உண்டாக்குகின்றன. எனக்கு எட்டுகிறது.

நாள் 50. காலை 10:30
மூன்று நாளாகச் சர்க்கரைத் தண்ணீர்தான். முடியை ஒட்ட வெட்டி வெளியே எறிந்தேன். தோலைத் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வந்தது. ரத்தம் இன்னும் மோசம். மூக்கை அடைத்தாலும் தொண்டை வழியாக ஏறுகிறது. என் எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருக்கிறது.

அண்ணாச்சி: “கருவாட்டு நாத்தத்துல பொறந்து வளந்த பிள்ள நீ! கண்ண மூடிக்கிட்டு ரெண்டு வாய் முழுங்கு தாயி.”

சிரித்துவிட்டேன். குரலுக்கு வாடை இல்லை. ஒரு மணி நேரம் அவரைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் 53. மாலை 16:00
ஏழு கிலோ குறைந்துவிட்டேன். எழுந்தால் கண் இருட்டுகிறது. விமானம் வர இன்னும் பத்து நாள் ஆகுமாம்.

அண்ணாச்சி: “அதுவரைக்கும் நீ தாங்க மாட்ட. பனிவண்டிய எடுத்துக்கிட்டு நாளைக்கு நானே வாரேன். குளுக்கோஸ் ஏத்தினா சரியாப் போயிரும்.”

அழுதேன். கண்ணீரும் நாறியது.

நாள் 54. காலை 11:40
வண்டி பனிப்பிளவில் சிக்கிக்கொண்டதாம். மருந்துப் பையோடு கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்து வருகிறார். காற்று வலுக்கிறது.

13:05
தட்டினார். திறந்தேன். முகமூடியைக் கழற்றிச் சிரித்தார். “என்ன பிள்ள, இப்படி எலும்பும் தோலுமா…”

அந்த மூச்சு. வெயிலில் வெடித்த மாட்டு வயிறு. வியர்வை, பல், தலைமயிர், தோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நாறியது. கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். பிடித்துத் தள்ளினேன். படியில் விழுந்தார். தாழ்ப்பாள் போட்டேன்.

13:30
தட்டுகிறார். ரேடியோவிலும் பேசுகிறார். “கால் பிசகிருச்சு ரெஜினா. ஒங்கிட்ட வரமாட்டேன், மூலையில கெடக்கேன். தெறம்மா.”

தாழ்ப்பாள்வரை மூன்று தடவை போனேன். கதவிடுக்கில் அவர் வாடை. மூன்று தடவையும் வயிறு புரட்டித் தரையில் விழுந்தேன்.

14:20
“கை மரத்துப் போச்சு தாயி.”
அவர் நல்லவர். எனக்காக வந்தவர். தெரியும். தெரியும். கை தாழ்ப்பாளில்தான் இருக்கிறது. இழுக்க மாட்டேன் என்கிறது.

15:50
ரேடியோவில் மூச்சு மட்டும்.

நாள் 55. காலை 06:15
திறந்தேன். படியில் சுருண்டு கிடக்கிறார். புருவத்தில் பனி. பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து மோந்தேன்.

ஒன்றும் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. உறைந்தால் எதுவும் நாறாது. இத்தனை வருடம் பனியோடு வேலை செய்தவளுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். சோற்றையாவது வெளியே வைத்துத் தின்றிருக்கலாம். அவர் வந்திருக்கவே வேண்டாம்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

உள்ளே போக முடியவில்லை. அங்கே என் வாடை.

கையுறைகளைக் கழற்றிவிட்டேன். எழுத்து கோணுகிறது. விரல்கள் வெள்ளையாகிக்கொண்டு வருகின்றன. நாற்றம் குறைகிற