சுண்டெலியின் இடது கண்

செப்டம்பர் 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று, உன்னை வைத்தியத்துக்கு இங்கே அழைத்து வந்த சங்கத்துக்காரம்மா போனில் சொன்னார். 'சேர்ந்திருப்பாள்' என்றாரே தவிர 'சேர்ந்துட்டாள்' என்று சொல்லவில்லை. உன் கையால் ஒரு வரி வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாதே. இரண்டே வருஷத்தில் எங்கள் பாஷையைக் கற்றுக்கொண்ட நீ, இங்கேயே பிறந்து வளர்ந்த அக்காவைவிடக் குறைவாகத்தான் பிழை விடுகிறாய்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. 'ரூம் முழுக்க இனி என் ராஜ்யம்' என்று அக்கா துள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். கேட்டால், 'அங்க கொசு' என்கிறாள். பதினேழு வயதுக் கழுதை! மாமா ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுதுபார்க்கப் போய், இரண்டு மாடிக்கு நடுவே தானே மாட்டிக்கொண்டார். கூட மாட்டிய பெரியவர், 'யோவ், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கய்யா' என்று கத்தினாராம். மாமா வாயே திறக்கவில்லையாம். என் குடிநீர் வாரியத்தில் வழக்கம்போல் போன் ஓயவில்லை. நேற்று ஓர் அம்மாள், 'குழாய்ல தண்ணி வருதுங்க, என்ன ஆச்சுன்னு கொஞ்சம் பாருங்க' என்று புகார் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நீ வந்த புதிதில் ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பாய். 'வீட்ல சுண்டெலி புகுந்துடுச்சு' என்றார் மாமா, அதுவே பேராகிவிட்டது. இன்று உன் கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன். அடியில் ஒரு துணுக்குகூட இல்லை. அதற்குப் போய் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை.

கண் டாக்டரைப் பார்த்தேன். போன ஆபரேஷனில் உன் இடது கண்ணுக்குள் நிரப்பியிருக்கும் எண்ணெயை அடுத்த கோடைக்குள் ஆபரேஷன் செய்து எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று மறுபடியும் சொன்னார். இங்கே தங்கும் அனுமதி முடிந்துபோனதால்தான் உன்னை இப்போது அனுப்பும்படி ஆயிற்று. ஏப்ரலில் சங்கம் அடுத்த பிள்ளைகளை அழைத்து வரும்போது உன் பேர்தான் முதலில் இருக்கும். உன்னை நான் கூட்டி வருவேன். இது அத்தையின் வாக்கு.

உன்
அத்தை

அக்டோபர் 3

அன்புள்ள அத்தைக்கு,

நான் வந்துட்டேன். பஸ் நிக்கிற இடத்துல நிறைய அம்மாங்க நின்னாங்க. எனக்கு என் அம்மா யாருன்னு தெரியல. அவங்க ரொம்ப ஒல்லியா ஆயிட்டாங்க. அவங்கதான் என்னக் கண்டுபிடிச்சாங்க.

தம்பி எங்கன்னு கேட்டேன். நம்ம பாஷைல கேட்டுட்டேன், அவங்களுக்குப் புரியல. அப்புறம் அம்மா பாஷைல கேட்டேன். தம்பி இல்ல அத்தை. போன குளிர்ல ஜுரம் வந்து செத்துட்டான். போன்ல ஏன் சொல்லலன்னு கேட்டேன். நீ அழுவ, அங்க உன்ன யாரு சமாதானப்படுத்துவாங்கன்னு சொன்னாங்க. நீங்க இருந்தீங்களே. அதை அவங்ககிட்ட நான் சொல்லல.

முகாம்ல எங்க வீடு தகர வீடு. மழை பெஞ்சா யாரும் பேச முடியாது. எனக்கு மழைதான் பிடிக்குது. மழை இல்லாதப்ப அம்மா பேசுறாங்க, எனக்குப் பாதி புரியல. நான் பேசினா பக்கத்து வீட்டுப் பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. தூங்கும்போது அம்மா என் கையப் பிடிச்சுக்கறாங்க. கை மரத்துப்போகுது. எடுத்தா முழிச்சுக்கறாங்க.

மாமா கதை படிச்சு சத்தமா சிரிச்சேன். ஏன் சிரிக்கிறன்னு அம்மா கேட்டாங்க. லிஃப்டுன்னா என்னன்னு சொல்ல ஆரம்பிச்சேன். பாதில விட்டுட்டேன்.

சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க.

உங்கள்
சுண்டெலி

அக்டோபர் 30

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை மாமா படித்தார், நான் படித்தேன், அக்கா குளியலறைக்குள் எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வெகுநேரம் கழித்து வந்தாள். தம்பியை நாங்கள் உன் கைக்குள் இருந்த அந்தச் சின்னப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். இருந்தும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. போன குளிரில் நீ இங்கே பனிப்பந்து செய்து மாமாவின் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தாய். அதே நாட்களில்தான் அங்கே அது நடந்திருக்கிறது.

தூக்கத்தில் அம்மா பிடித்தால் கையை எடுக்காதே. மரத்தால் மரத்துப் போகட்டும்.

இத்துடன் சங்கத்தின் சம்மதப் படிவம் வருகிறது. அம்மாவின் கையெழுத்து இல்லாமல் உன்னை அழைக்க முடியாது. ஜனவரி முடிவதற்குள் வாங்கி அனுப்பிவிடு. பொறுமையாகக் கேள், அடம் பிடித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் அடம் எனக்குத் தெரியும்.

அத்தை

டிசம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா கையெழுத்துப் போடல. பொறுமையாத்தான் கேட்டேன். முதல்ல பார்க்கலாம்னாங்க. அப்புறம் கேட்டா பதிலே இல்ல. அம்மாவுக்கு வெங்காயம் பிரிக்கிற வேலை. வந்ததும் கை கழுவிட்டுப் படுத்துடறாங்க. நேத்து நான் கத்திட்டேன். அப்பதான் பேசினாங்க. எனக்குப் புரியணும்னு மெதுவா சொன்னாங்க.

"கண்ணச் சரி பண்ணத்தான் உன்ன அனுப்பினேன். நாக்க வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. இந்தத் தடவ என்னத்த வாங்குவாங்க?"

நான் "அவங்க ஒண்ணும் வாங்கல"ன்னு சொன்னேன். அதையும் நம்ம பாஷைலதான் சொல்லியிருக்கேன். அம்மா என்னப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க.

ஸ்கூல்ல முதல் வரிசைல உக்காருறேன். போர்டுல எழுத்து தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி ஆடுது. இடது கண்ண மூடினா சரியா இருக்கு. அதனால மூடிக்கறேன்.

அத்தை, ஒரு விஷயம். அம்மா கையெழுத்து ரொம்ப ஈஸி. ஒரு வளைவும் ரெண்டு கோடும்தான். நான் நோட்டுல போட்டுப் பார்த்தேன், அப்படியே வருது. நானே போட்டு அனுப்பட்டுமா? நீங்க சரின்னு ஒரு வார்த்த எழுதினா போதும்.

சுண்டெலி

ஜனவரி 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

வேண்டாம்.

இதை எழுத எத்தனை தாளைக் கிழித்தேன் என்று கேட்காதே. முதல் தாளில் 'சரி' என்றுதான் எழுதினேன். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கிற ஒரு பிள்ளையும் திருட்டுக் கையெழுத்துல போச்சுன்னா அந்தம்மா என்னடி செய்வாங்க?" என்றார். "அப்ப கண்ணு போகட்டுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே அந்தத் தாளைக் கிழித்தேன்.

நாக்கைப் பற்றி அம்மா சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. அதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் அது அவர் காதில் ஏறாது. அதனால் கீழே உள்ளதை அம்மாவுக்கு நீயே படித்துச் சொல்லு. உனக்கு வேண்டியதைச் சேர்க்காதே, ஒன்றையும் விடாதே.

'அம்மா, வணக்கம். உங்கள் மகளை நான் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். பெற்றவர் நீங்கள். எங்களை அத்தை, மாமா என்றுதான் அவள் கூப்பிட்டாள். ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன அன்றே ஊருக்கு அனுப்பிவைக்கிறேன். அதற்குமேல் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டேன். தினமும் அவளோடு உங்கள் பாஷையில் பேச ஓர் ஆளை ஏற்பாடு செய்கிறேன். இங்கே சந்தையில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் செருப்புக் கடை வைத்திருக்கிறார், கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றார். ஒரு கண்ணுக்காக உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள்.'

அத்தை

பிப்ரவரி 5

அன்புள்ள அத்தைக்கு,

படிச்சுச் சொன்னேன். ரொம்பக் கஷ்டம். 'கெஞ்சி'ங்கிற எடத்துல நின்னுட்டேன். அம்மா பாஷைல அந்த வார்த்த எனக்கு மறந்துபோச்சு. அதனால கை ரெண்டையும் சேர்த்து இப்படி நீட்டிக் காட்டினேன். அம்மா என் கையப் பிடிச்சு இறக்கி விட்டாங்க. நீ அப்படிச் செய்யாதன்னாங்க.

அப்புறம் கேள்வியா கேட்டாங்க.

"அங்க உனக்கு யாரு தல வாருவாங்க?"

"அத்தை."

"வலிக்குமா?"

"வலிக்கும். சிக்கெடுத்தா உயிரு போகும்."

அம்மா சிரிச்சுட்டாங்க. நான் வந்ததுக்கப்புறம் அவங்க சிரிச்சு அப்பதான் பார்த்தேன். தம்பி சிரிப்பு மாதிரியே இருந்துச்சு. அப்புறம் என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. ஒரு கண்ண மூடி, அப்புறம் இன்னொண்ண மூடி, நான் எப்படிப் பார்ப்பேன்னு பார்க்கற மாதிரி.

கையெழுத்துப் போட்டாங்க அத்தை! இத்தோட வருது. நிஜமா அவங்கதான் போட்டாங்க. அந்தச் செருப்புக் கடைக்காரர் எந்த ஊர்னு கேக்கச் சொன்னாங்க.

உங்கள்
சுண்டெலி

ஏப்ரல் 20

சுண்டெலிக்கு,

நேற்று மூன்று பேரும் விமான நிலையத்தில் நின்றோம். அக்கா பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் கழுத்தில் அட்டையோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. அது மறுபடி திறக்கும் என்று நான் நின்றேன். திறந்து, ஒருவன் தரை துடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

சங்கத்துக்காரம்மாதான் சொன்னார். "அந்தப் பொண்ணு ஏர்போர்ட் வர்ற பஸ்ஸுல ஏறினா, பேர் கூப்பிட்டு டிக் போட்டேன். கிளம்பறப்ப எறங்கிட்டா. எவ்வளவோ சொன்னோம்."

டாக்டரின் அறை வாசலில் இன்று காலை அரை நாள் காத்திருந்தேன். ஜூன் தொடக்கத்தில் இன்னொரு கூட்டம் வருகிறது. அதில் வந்தால் கண்ணைக் காப்பாற்ற முயன்று பார்க்கலாம், அதற்கப்புறம் என்னிடம் வராதீர்கள் என்றார். அம்மா போட்ட கையெழுத்தே இதற்கும் செல்லுமாம்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஒன்றை மட்டும் சொல். உன்னை இறக்கியது அம்மாவா?

அத்தை

மே 16

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா இறக்கல. நானேதான் எறங்கினேன்.

அம்மா காலைலயே முட்டை வேகவச்சுக் கட்டிக் குடுத்தாங்க. அவங்க சால்வைய என் பைல வச்சாங்க. பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்தேன். மத்த அம்மாங்க எல்லாம் அழுதாங்க, கைய ஆட்டினாங்க. என் அம்மா ஒண்ணும் செய்யல. பஸ் மேல கைய வச்சுக்கிட்டுச் சும்மா நின்னாங்க. அப்புறம் என்னமோ சொன்னாங்க. கண்ணாடி மூடியிருந்துச்சு, கேக்கல. ஆனா வாயப் பார்த்தே புரிஞ்சுது.

அம்மா பாஷைல போறவங்ககிட்ட ரெண்டு விதமா சொல்லலாம். திரும்பி வர்றவங்களுக்கு ஒண்ணு, வராதவங்களுக்கு ஒண்ணு. அம்மா ரெண்டாவதச் சொன்னாங்க. கோபமா சொல்லல. நல்லா இருன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

அதான் எறங்கிட்டேன். அம்மா என்ன அடிச்சாங்க. போ போன்னு தள்ளினாங்க. பஸ் போயிடுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ரோட்டுலயே உக்காந்து முட்டைய சாப்பிட்டோம்.

ஜூன்லயும் நான் வரல அத்தை. இடது கண்ல இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் வலி. வலது கண் நல்லா இருக்கு. பொய் இல்ல.

நீங்க இனிமே எழுதாதீங்க. உங்க லெட்டர் வந்தா அம்மா வேலைக்குப் போகாம வாசல்லயே உக்காந்துக்கறாங்க. நான் தண்ணி பிடிக்கப் போனாக்கூடப் பின்னாடியே வர்றாங்க. இந்த லெட்டர் எழுதவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. உங்க பாஷைல சில எழுத்து மறந்துபோச்சு, அழிச்சு அழிச்சு எழுதினேன். அக்காகிட்ட பரீட்சை நல்லா எழுதச் சொல்லுங்க. மாமாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல.

சுண்டெலி
(இங்க யாரும் என்ன அப்படிக் கூப்பிடறதில்ல)

ஜூன் 11

என் கண்ணுக்கு,

இதுதான் கடைசி. இதைச் சங்கத்துக்காரம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் உன்னைச் சங்கத்து ஆபீசுக்குக் கூப்பிடுவார், அவர் எதிரிலேயே படித்துவிட்டு அவரிடமே கொடுத்துவிடு. வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

முதலில், மறக்கக் கூடாதது. இடது கண் சிவந்து வலி அதிகமாகி, வலது கண்ணும் வெளிச்சத்துக்குக் கூசினால், அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே. உடனே முகாம் டாக்டரிடம் ஓடு. ஒரு கண் கெட்டால் அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று இங்கே கண் டாக்டர் சொன்னார். முகாம் டாக்டருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார், சங்கத்துக்காரம்மாவிடம் இருக்கிறது. குச்சி வைத்து விளையாடும் பிள்ளைகள் பக்கம் போகாதே. மங்கல் வெளிச்சத்தில் படிக்காதே.

ஜூன் கூட்டம் வந்துவிட்டது. உனக்கென்று வைத்திருந்த நாளில் வேறொரு பிள்ளைக்கு ஆபரேஷன் நடந்தது. அந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா என்று எங்களைத்தான் முதலில் கேட்டார்கள். மாமா என் முகத்தைப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் கட்டிலை மாமா கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். அக்கா பரீட்சையில் தேறிவிட்டாள், தூரத்து ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. அவளும் போய்விடுவாள். என்னோடு அவள் சரியாகப் பேசுவதில்லை. "அன்னிக்கு அவ கேட்டப்பவே சரின்னு எழுதியிருந்தா அம்மாவுக்குத் தெரியாமலே பஸ் ஏறியிருப்பா, இந்நேரம் கண்ணு இருந்திருக்கும்" என்றாள். இருந்திருக்கும்தான்.

நீ இறங்கியது சரி என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. தப்பு என்று எழுதக் கையும் வரவில்லை. உன்னைக் கூட்டி வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன், அது பொய்யாகிவிட்டது. இனி வேறு வாக்கு எதுவும் கொடுக்க மாட்டேன்.

கடிதத்தை முடிக்கும்போது, அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்று எழுதுவது வழக்கம். சொல்லாதே. என் பேச்சையே எடுக்காதே. சங்கத்து ஆபீசுக்கு எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அம்மா கேட்டால், கண்ணைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று சொல். அம்மா பாஷையிலேயே சொல்.

அத்தை