எனக்கு மட்டும் வந்த தீய்ந்த வாசனை

போன மாதம் ஒரு காலையில் பால் தீய்ந்த வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரைக் கேட்டேன்; அவருக்கு ஒரு வாசனையும் வரவில்லையாம். மொட்டை மாடிக்குப் போய்ப் பக்கத்து வீடுகள் பக்கமெல்லாம் மோந்து பார்த்தேன். திரும்பி வந்த பிறகும் அது மூக்கை விட்டுப் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்று என்னோடு பிறந்த உனக்குத்தான் சொல்லாமலே புரியும்.

உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாம் கல்லூரியில் கடைசி வருஷம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ் காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து, "ஏதோ தீயுதுடி, உனக்கு வரலையா?" என்று கேட்டாய். ஆற்றோரம் குப்பை கொளுத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். அப்புறம் உன் தூக்கம் போனது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. அப்பா தாயத்து கட்டினார். அம்மா கோயில் கோயிலாக அழைத்துப்போனாள். கோபமில்லாமல், கெஞ்சுவது போல ஒருநாள் நீ என்னிடம் கேட்டாய்:

"வாயே திறக்காம என்னைத் திட்டிக்கிட்டே இருக்கியே, ஏன்டி?"

உன் காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல் என் குரல்.

மனச்சிதைவு என்று பெயர் சொன்னவர் புத்தூரில் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா. இது சாமி குற்றமுமில்லை, வளர்ப்பின் குற்றமுமில்லை; மூளையின் நோய், ஓரளவு பிறப்பிலேயே வருவது என்று அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அப்பாவுக்கு அது ஆறுதல். எனக்கு அதுவே பயம். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாம். உன் உடம்பில் எழுதியிருப்பதுதானே என் உடம்பிலும் எழுதியிருக்கும்?

அன்று முதல் நான் என்னையே வேவு பார்த்து வந்தேன். கடைத்தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஆள் கண்ணில் படும்வரை உயிர் இருக்காது. குழந்தை வேண்டாம் என்று நானும் அவரும் முடிவெடுத்ததும் இந்தப் பயத்தால்தான். அதற்கு நீ என்னோடு போட்ட சண்டை! "நான் ஒன்னும் வெறும் சீக்கு இல்லடி. டியூஷன் எடுக்கிறேன், பசங்க பாஸ் பண்றாங்க. என்னை மாதிரி ஒன்னு பொறந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்றாய். மருந்தோடு நீ நன்றாகத்தான் இருந்தாய். உன்னைக் கொண்டுபோனது டெங்கு. தெருவில் சிலர் இன்னும் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

வாசனை இரண்டாம் முறை வந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு புத்தூருக்கே போனேன். அறைக்குள் நுழைந்ததும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உன் முகமல்லவா உள்ளே வந்திருக்கிறது! எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சைனஸாலும் இப்படி வரும், வலிப்பாலும் வரும் என்று சொல்லி, தலைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்கேனில் மூளைக்கு ஒன்றுமில்லை. மூக்கின் உள்ளறைகளில்தான் சளி கட்டியிருந்தது. மருந்தில் வாசனை நின்றது.

"அப்ப எனக்கு வரவே வராதா டாக்டர்?"

"அப்படி எழுதித் தர முடியாதும்மா. ரெட்டையில ஒருத்தருக்கு வந்து, இன்னொருத்தருக்குக் கடைசி வரைக்கும் வராமலே போறதும் உண்டு. இந்த வயசுக்கு மேல வர்றது குறைவு. வந்தா மறைக்காதீங்க, உடனே வாங்க."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரிடம் சொன்னேன், நான் மாறிப்போனால் அது எனக்கே தெரியாது, நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று. அவர், "சொல்றேன். ஆனா அன்னிக்கு நீ என்னை நம்பணும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருக்கும் பயம் வேறு. நோய் வருமா என்பதல்ல. வந்தால் அவர் சொல்வதை நம்புவேனா?

முதல் மாத்திரையை உனக்குக் கொடுத்தது நான். அம்மா கொடுத்ததைத் துப்பியிருந்தாய். அப்பாவைக் கிட்டே விடவில்லை. என் குரல் உன் காதில் ஏசிக்கொண்டிருந்த நேரம் அது. என் வாயையே வெகுநேரம் பார்த்தாய். "இப்பவும் திட்டுறே. ஆனா உன் வாய் அசையல" என்றாய். பிறகு என் கையிலிருந்து மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாய்.

உன்னிடமிருந்த எல்லாமே என்னிடமும் இருக்கிறது என்றால், அந்தத் தைரியமும் இங்கே எங்கோ இருக்கவேண்டும். அதை நம்பித்தான் தினமும் எழுந்திருக்கிறேன்.