இடது சக்கரம்

அக்டோபர் 14, திங்கள்
நவம்பர் ஒன்பதாம் தேதி மணப்பெண்ணை ஏற்றிப் போகும் ரிக்‌ஷாவை ஹோனோகா இழுப்பாள். காலை எட்டு மணிக்கு முதலாளி உமெஹாரா எல்லார் முன்னிலையிலும் சொன்னார். நோனோமியா கோயிலிலிருந்து மூங்கில் காட்டு வழியாக ஆற்றுப் பாலம் வரை. பதினோரு வருடங்களாக இழுத்தது நான். அவள் வேலைக்கு வந்து இரண்டு வருடம்.

“பொண்ணு வீட்லயே அவளைத்தான் கேட்டாங்க, ஒகுடா” என்றார்.

கேட்டால் கொடுத்துவிடுவதா?

அக்டோபர் 15
தென்ரியூ கோயில் வாசலில் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றேன். மூன்று பேர் என்னைத் தாண்டிப் போய் அவள் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள்.

அக்டோபர் 17
மூங்கில் காட்டில் அவள் தரையில் மல்லாந்து படுத்துப் படம் எடுக்கிறாள் — பயணிகளின் முகமும் மூங்கில் உச்சியும் ஒன்றாக விழும். நானும் படுத்துப் பார்த்தேன். எழ இடுப்பு விடவில்லை.

“என்னண்ணே, மூங்கிலை எண்ணி முடிச்சாச்சா?” என்றாள். பயணிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அக்டோபர் 19
எங்கள் நிலையத்தில் யாரும் தன் வண்டியைத் தானே சோதிப்பதில்லை. இன்னொருவர் பார்த்து அட்டையில் கையெழுத்திட வேண்டும். இன்று அவள் வண்டி என் முறை. இடது சக்கரத்தில் காற்று குறைவு. அழுத்தினால் கட்டைவிரல் அமுங்கியது. பம்பு இரண்டடி தூரத்தில் இருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாற்பதுக்கு மூங்கில் பாதைத் திருப்பத்தில் டயர் கழன்று வண்டி வேலியில் சாய்ந்தது. வண்டியில் எழுபது வயதைத் தாண்டிய தம்பதி. கைப்பிடியை விட்டிருந்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்திருக்கும். அவள் விடவில்லை. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது.

அட்டையைப் பற்றி முதலாளி அவளிடம் கேட்டபோது நானும் நின்றிருந்தேன். “ஒகுடா அண்ணன் பாத்தா சரியாத்தான் இருக்கும். நடுவுல எதாச்சும் குத்தியிருக்கும்” என்றாள்.

அவள் கை ஆறாவிட்டால் மணப்பெண் வண்டியை நான்தான் இழுக்க வேண்டுமாம். நான் கேட்டது இதைத்தானே? இதையா கேட்டேன்?

அக்டோபர் 20
டயரைப் பிரித்துப் பார்த்தார்கள். எதுவும் குத்தியிருக்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். “மறந்துட்டியா?” என்றார். மறக்கவில்லை, பார்த்துவிட்டுத்தான் விட்டேன் என்றேன். அட்டையை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

வெளியே ஹோனோகாவிடமும் சொன்னேன். “என்னை நேருக்கு நேர் திட்டியிருக்கலாமேண்ணே” என்றாள். திரும்பிக்கொண்டு, பயணிகளின் மடியில் விரிக்கும் சிவப்புப் போர்வையை இடது கையாலேயே மடித்தாள். ஓரத்தோடு ஓரம் பிசகாமல் சேர்ந்தது. அதைப் பார்த்தும் எரிந்தது எனக்கு — என்ன மனுஷன்டா நீ?

அவள் கையில் போட்டிருக்கும் கட்டை நவம்பர் ஆறாம் தேதி அவிழ்த்துப் பார்ப்பார்கள். என் வேலை பற்றிய முடிவு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, எல்லார் முன்னிலையிலும்.